கெளுத்தி முள், அம்மாவின் விரல்கள், என் ரத்தப் பரிசோதனை: மூன்றுக்கும் அழற்சி என்ற ஒரே சொல்லா?

தண்டையார்பேட்டை_வாசகன்

அனைவருக்கும் வணக்கம். கடந்த இரண்டு மாதங்களுக்குள் எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று வெவ்வேறு தொல்லைகள் வந்தன. மூவரையும் வெவ்வேறு மருத்துவர்கள் பார்த்தார்கள். ஆனால் மூவரும் "இன்ஃப்ளமேஷன்" என்ற ஒரே சொல்லையே சொல்லி அனுப்பினார்கள். அகராதியில் பார்த்தால் அழற்சி என்று இருக்கிறது. சொல் கிடைத்துவிட்டது, பொருள்தான் பிடிபடவில்லை.

முதலாவது என் தந்தை. காசிமேடு துறைமுகத்தில் ஏலத்துக்கு முன் மீனைத் தரம் பிரிக்கும் வேலையில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறார். ஒரு விடியற்காலையில் கெளுத்தியின் முதுகு முள் அவருடைய வலது கட்டைவிரலின் அடிச்சதையில் ஏறிவிட்டது. வழக்கம்போல் முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அங்கேயே கிடந்த தண்ணீரில் கையை அலசிக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். மதியத்துக்குள் அந்த இடம் சிவந்து, தொட்டால் சுடும் அளவுக்கு வெதுவெதுத்து, இரவுக்குள் உள்ளங்கை முழுவதும் பொதுபொதுவென்று வீங்கிவிட்டது. மறுநாள் அக்குளில் நெறி கட்டி, காய்ச்சலும் வந்தது. டெட்டனஸ் ஊசி போட்டு, ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். காய்ச்சல் நின்றது, ஆறு வாரம் ஆகியும் அந்தச் சதை மட்டும் கெட்டியாகவே இருக்கிறது, அழுத்தினால் வலிக்கிறது.

இரண்டாவது என் தாய், வயது 58. இரண்டு கைகளிலும் விரல் கணுக்கள் வீங்கி, காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கை மடங்குவதில்லை. இடியாப்ப அச்சைப் பிழிய முடியாமல் ஒரு நாள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முன்பு வந்த சிக்குன்குனியாவின் மிச்சம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இப்போது முடக்குவாதம் என்கிறார்கள், இ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையில் 62 வந்திருக்கிறது.

மூன்றாவது நான், வயது 41. எனக்கு எந்த வலியும் இல்லை. அலுவலகத்தில் செய்யச் சொன்ன முழு உடல் பரிசோதனையில் சி.ஆர்.பி. என்ற ரத்த அளவு 4.8 என்று வந்து, பக்கத்தில் இதய நோய்க்கான அபாயம் அதிகம் என்று அச்சிட்டிருந்தது. சென்ற ஆண்டு இதே பரிசோதனையில் 0.46 தான் இருந்தது. ஓராண்டில் பத்து மடங்கு ஏறியிருக்கிறது என்று கணக்குப் போட்டதிலிருந்து இரவில் தூக்கம் இல்லை.

கண்ணுக்குத் தெரியும் வீக்கமும், மூட்டுவலியும், வலியே இல்லாத ஓர் எண்ணும் எப்படி ஒரே பொருளாக இருக்க முடியும்? இது உடலின் தற்காப்பு என்றால் அதை ஏன் மாத்திரை போட்டு அடக்குகிறார்கள்? தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

பழைய_வாத்தியார், ராயபுரம்

தம்பி, உடலியங்கியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். சிகிச்சை முடிவுகளை உங்கள் மருத்துவர்களே எடுக்கட்டும்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். அழற்சி என்பது அழல் என்ற சொல்லிலிருந்து வந்தது. அழல் என்றால் நெருப்பு. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான செல்சஸ் என்பவர் இதன் அடையாளங்களாகச் சிவப்பு, வீக்கம், சூடு, வலி என நான்கைக் குறித்து வைத்தார். அந்த உறுப்பு வேலை செய்யாமல் போவது என்ற ஐந்தாவது அடையாளம் பிற்பாடு சேர்ந்தது. உங்கள் தந்தையின் கையில் இந்த ஐந்தும் ஒரே நாளில் வரிசையாக வந்திருக்கின்றன. சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்று சொல்லும் இடத்தில் வருகிற அழல் பித்தத்தைக் குறிப்பது. சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

இனி அந்த முள் ஏறிய இடத்துக்குள் போவோம். கெளுத்தியின் முள் வெறும் ஊசி அன்று. அதன் ஓரம் அரம்போல் பல் வைத்திருக்கும், மேல்தோலில் நஞ்சும் இருக்கும். அது சதையைக் கிழித்துக்கொண்டு போனபோது நொறுங்கிய செல்களின் உள்ளே இருந்த பொருள்கள் வெளியே கொட்டின. செல்லுக்குள் இருக்க வேண்டியவை வெளியே கிடப்பதே ஆபத்தின் முதல் அறிகுறி. அதோடு முள்ளிலும் தண்ணீரிலும் இருந்த பாக்டீரியாவும் உள்ளே போயிருக்கும். தோலுக்கு அடியில் காவலிருக்கும் மாஸ்ட் செல்கள் உடனே ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. சிறு ரத்தக்குழாய்கள் விரிகின்றன. அதிக ரத்தம் வந்ததால் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவரின் செல்கள் ஒன்றுக்கொன்று சற்று விலகிக்கொள்ள, ரத்தத்தின் நீர்ப்பகுதி புரதங்களோடு வெளியே கசிந்ததால் வீக்கம். பிராடிகைனின், புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்கள் நரம்பு முனைகளின் உணர்ச்சியைக் கூட்டிவிடுவதால் வலி. வலித்தால்தானே அந்தக் கைக்கு ஓய்வு கொடுப்போம்? உங்கள் தந்தை அதற்கும் மசியாமல் கூடை தூக்கியிருப்பார் என்பது வேறு விஷயம்.

குழாய்கள் கசிவதன் நோக்கம், வெள்ளணுக்கள் வெளியே வருவதற்கு வழி விடுவதுதான். ஜெர்மானியரான யூலியஸ் கோன்ஹைம் 1867-ல் தவளையின் மெல்லிய சவ்வை நுண்ணோக்கியின் கீழ் விரித்து வைத்து, வெள்ளணுக்கள் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, பிறகு மெல்ல நெளிந்து சுவரைத் துளைத்து வெளியேறுவதைக் கண்டு எழுதினார். முதலில் வருபவை நியூட்ரோபில்கள் என்னும் வெள்ளணு வகை. நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களைத் தயாரிக்கிறது. அவற்றின் ஆயுளோ மிகக் குறைவு. கிருமியை விழுங்கி, குளோரின் சேர்ந்த அமிலப் பொருளையும் செரிமான நொதிகளையும் அதன்மேல் கொட்டிக் கொன்று, தாமும் மடிகின்றன. சீழ் என்று நாம் துடைத்து எறிவது பெரும்பாலும் இவற்றின் பிணங்களே. கொட்டிய நொதிகள் கிருமியை மட்டும் பார்த்துப் பாய்வதில்லை, பக்கத்தில் இருக்கும் நல்ல திசுவையும் அரிக்கும். அழற்சியால் வரும் கேடுகள் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஓரிரு நாள் கழித்து மேக்ரோபேஜ்கள் என்னும் பெருவிழுங்கு செல்கள் வந்து சேருகின்றன. மிச்சக் கிருமிகளையும் மடிந்த நியூட்ரோபில்களையும் விழுங்கி இடத்தைச் சுத்தம் செய்வது இவற்றின் வேலை. இதற்குள் கசிந்த நீர் நிணநீர்க் குழாய்கள் வழியாக அக்குள் நிணநீர்க் கணுவுக்குப் போய், அங்கே லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் பெருகத் தொடங்கியிருக்கும். நெறி கட்டியது அதனால்தான். இன்டர்லூக்கின் போன்ற தூதுப் பொருள்கள் ரத்தத்தில் கலந்து மூளையின் ஹைப்போதலாமஸை எட்டினால், அங்கே புரோஸ்டாகிளாண்டின் உருவாகி, உடலின் வெப்ப அளவே மேலே நகர்த்தி வைக்கப்படுகிறது. காய்ச்சல் வந்த கதை அது.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு சோதனையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் வீட்டுக் கதையும் முள்ளில்தான் தொடங்குகிறது. 1882-ன் இறுதியில் சிசிலித் தீவின் மெசினா ஊரில் தங்கியிருந்த ரஷ்ய உயிரியலாளர் இலியா மெச்னிகோவ், வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த நேரத்தில், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் இளவுயிரியின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், அலையும் செல்கள் முள்ளைச் சுற்றிக் கூட்டமாக மொய்த்திருந்தன. அந்த உயிருக்கு ரத்தக்குழாய் கிடையாது. ஆகவே சிவக்கவும் இல்லை, சூடாகவும் இல்லை. ஆனாலும் செல்கள் கூடின. அழற்சியின் அடிப்படை சிவப்போ சூடோ அன்று, அந்நியப் பொருளை நோக்கி விழுங்கு செல்கள் கூடுவதே என்பது அப்போது புலனாயிற்று. 1908-ல் பால் ஏர்லிக்கோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் எண் 4.8-க்கான விடையும் இதில் இருக்கிறது: ஐந்து அடையாளங்களும் இல்லாமலேயே அழற்சி நடக்கலாம்.

தீ தானாக அணைவதில்லை, அணைக்கப்படுகிறது. முதல் நாள் புரோஸ்டாகிளாண்டின்களைத் தயாரித்த அதே செல்கள், பிறகு லிபாக்சின், ரிசால்வின் போன்ற கொழுப்புப் பொருள்களைத் தயாரிக்கத் தொடங்கி, புதிய நியூட்ரோபில்கள் வருவதை நிறுத்துகின்றன. மேக்ரோபேஜ்களும் சண்டை வேலையை விட்டுச் செப்பனிடும் வேலைக்கு மாறுகின்றன. தூண்டிய பொருள் அகன்றால்தான் இது நடக்கும். அகலாவிட்டால் மேக்ரோபேஜ்கள் அந்தப் பொருளைச் சுற்றி நின்று, ஒன்றோடொன்று இணைந்து பெரிய செல்களாகி, நார்த்திசுவால் வேலி கட்டிவிடும்.

ஆகவே என் கவலை உங்கள் எண்ணைப் பற்றியது அன்று. ஆறு வாரம் ஆகியும் சதை கெட்டியாக இருக்கிறது என்றால் முள்ளின் துண்டு உள்ளேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அல்ட்ராசவுண்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள், சர்க்கரை கட்டுக்கு அடங்காதபோது நியூட்ரோபில்களின் வேலைத்திறன் குறைந்துவிடும்.

உங்கள் தாயின் நிலை வேறு. அங்கே அகற்றுவதற்கு முள்ளே இல்லை. முடக்குவாதத்தில் நோய் எதிர்ப்பு மண்டலம் உடலின் சொந்தப் புரதங்களையே அந்நியமாகக் கருதி, மூட்டின் உட்சவ்வில் போரைத் தொடங்குகிறது. சவ்வு தடித்து, பஞ்சுபோல் பெருத்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. எதிரி நம் உடம்பே என்பதால் போர் முடிவதற்கு வழி இல்லை. தற்காப்பை ஏன் அடக்க வேண்டும் என்று கேட்டீர்கள். காக்க வேண்டிய பொருளையே அது தின்னும்போது அடக்காமல் இருப்பது தவறு. மூட்டு ஒருமுறை அரிக்கப்பட்டால் மீண்டும் வளராது. ஆகவே காலம் கடத்த வேண்டாம்.

---

வண்ணை_ஆய்வகம்

வாசகன் அவர்களுக்கு, வண்ணாரப்பேட்டையில் ஓர் ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் பணிபுரிகிறேன். வாத்தியார் ஐயா நோயை விளக்கிவிட்டார். நான் எண்களை மட்டும் பார்க்கிறேன்.

முதலில் இரண்டு அறிக்கைகளையும் எடுத்து, எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் படியுங்கள். சில ஆய்வகங்கள் சி.ஆர்.பி.யை ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும், சில ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது லிட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு, இத்தனை மில்லிகிராம் என்றும் அச்சிடுகின்றன. டெசிலிட்டருக்கு 0.46 என்பதும் லிட்டருக்கு 4.6 என்பதும் ஒன்றே. வாரத்துக்கு ஒருவராவது இந்தப் புள்ளியைப் பார்த்துப் பயந்து எங்கள் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் வந்து நிற்கிறார்.

சி.ஆர்.பி. என்பது கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம்; 1930-ல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். உடலில் எங்கே அழற்சி நடந்தாலும் இன்டர்லூக்கின் 6 என்னும் தூது கல்லீரலை எட்ட, சில மணி நேரத்தில் சி.ஆர்.பி. ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சத்தைத் தொடும். தூண்டுதல் நின்றால் ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எரிகிறது என்று மட்டுமே அது சொல்லும். எங்கே எரிகிறது, ஏன் எரிகிறது என்று சொல்லாது. உங்கள் தந்தைக்குக் காய்ச்சல் இருந்த நாளில் எடுத்திருந்தால் நூறைத் தாண்டியிருந்தாலும் வியப்பில்லை.

இதய அபாயத்துக்குப் பார்ப்பது உயர் நுண்ணுணர்வு சி.ஆர்.பி. என்னும் தனிப் பரிசோதனை. அதில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் குறைந்த அபாயம், 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம் என்று வகுத்திருக்கிறார்கள். 10-க்கு மேல் போனால் அதை இதயக் கணக்கில் சேர்க்காமல், ஏதோ தொற்று இருக்கிறது என்று கருதி, அது தீர்ந்தபின் மறுபடி எடுக்க வேண்டும். நலமாக இருக்கும்போது இரண்டு வார இடைவெளியில் இருமுறை எடுத்துச் சராசரி பார்ப்பதே முறை. சளி, பல்வலி, தடுப்பூசி, அடிபட்ட காயம் எதுவும் அந்தச் சமயத்தில் இருக்கக் கூடாது. உங்களுக்கு இருந்ததா?

தாயாரின் இ.எஸ்.ஆர். பற்றி: ரத்தத்தை நீண்ட குழாயில் செங்குத்தாக நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்று பார்ப்பதே அந்தப் பரிசோதனை. அழற்சியில் ஃபைப்ரினோஜன் என்னும் ரத்தப் புரதம் கூடுவதால் சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி விரைவாக இறங்கும். பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டி இரண்டால் வகுத்தால் தோராயமான உச்ச அளவு கிடைக்கும். 58 வயதுக்கு 34. ரத்தசோகை இருந்தாலும் இது ஏறும் என்பதால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். ஆன்டி சி.சி.பி. என்னும் ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா என்றும் கேளுங்கள்; முடக்குவாதத்தை உறுதிசெய்ய இ.எஸ்.ஆரை விட அது பயன்படும்.

---

மல்லிப்பூ_கொருக்குப்பேட்டை

தம்பி, உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பது எனக்கு வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பட்டுத் தெரிந்துகொண்டது அதிகம் என்பதால் எழுதுகிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகளை நான் வீணாக்கினேன். எங்கள் தெருப்பக்கத்து மருந்துக்கடையில் மூட்டுவலி என்று சொன்னால் சிறிய காகிதப் பொட்டலத்தில் நான்கு மாத்திரை மடித்துக் கொடுப்பார்கள். அட்டை இருக்காது, பெயர் இருக்காது. போட்ட அன்று மாலையே பதினாறு வயதுப் பெண்போல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவேன். ஆறு மாதத்தில் முகம் நிலாபோல் உருண்டு, தோல் மெலிந்து, தொட்ட இடமெல்லாம் ரத்தம் கட்டியது, சர்க்கரையும் வந்தது. அந்தப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருந்தது என்பதை அரசு மருத்துவமனை மருத்துவர் என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொன்னார். நான் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தப் பார்த்தேன். அவர் கோபித்துக்கொண்டு, நெடுநாள் சாப்பிட்டதை அப்படி நிறுத்தினால் உடல் சொந்தமாகச் சுரப்பதை மறந்துபோயிருப்பதால் மயங்கி விழுந்து உயிருக்கே ஆபத்தாகும் என்று எச்சரித்து, மூன்று மாதங்களில் படிப்படியாகக் குறைத்தார். ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு, எத்தனை நாள் என்று தெரிந்து கொடுப்பவர் கையில் அது இருக்க வேண்டும்.

இப்போது முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை சாப்பிடுகிறேன். இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும், தினமும் இல்லை. தவறிப்போய்த் தினமும் சாப்பிட்டு ரத்த அணுக்கள் குறைந்து இறந்தவர்கள் உண்டு என்று எங்கள் மருத்துவர் முதல் நாளே மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் சீட்டு எழுதினார். என் வீட்டு நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன். இடையில் ஃபோலிக் அமிலம் உண்டு. அவ்வப்போது ரத்த அணுக்களும் கல்லீரலும் பார்க்க வேண்டும். மாத்திரை வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டாவது வாரத்திலேயே பயன் இல்லை என்று நிறுத்திவிடாமல் அம்மாவைப் பிடித்து வையுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். மாத்திரை போதாமல் போனால் அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற பொருளைத் தடுக்கும் ஊசி உண்டு. அதற்கு முன் காசநோய் இருக்கிறதா என்று மார்புப் படமும் பரிசோதனையும் கட்டாயம் எடுப்பார்கள். எனக்கு இருமலே இல்லையே என்று நான் வாதாடினேன். வாத்தியார் ஐயா சொன்னால் காரணம் இன்னும் தெளிவாக இருக்கும்.

---

பழைய_வாத்தியார், ராயபுரம்

அம்மா, நீங்கள் எடுத்துக் கொடுத்த இடம் அருமையானது. காசநோய்க் கிருமி நுரையீரலுக்குள் புகுந்தபின், பலருடைய உடல் அதைக் கொல்ல முடியாமல், மேக்ரோபேஜ்களையும் லிம்போசைட்டுகளையும் சுற்றி நிறுத்தி வேலி கட்டி அடைத்து வைக்கிறது. அவர் ஆயுள் முழுவதும் நலமாகவே இருக்கலாம். அந்த வேலியைக் கட்டிக் காப்பதில் டி.என்.எஃப்.புக்குப் பெரும் பங்கு உண்டு. ஊசி போட்டு அதைத் தடுத்தால் விரல் மூட்டில் போர் நிற்கும். நுரையீரலில் வேலியும் சரியும். ஒரே பொருள் ஓர் இடத்தில் கேட்டையும் இன்னோர் இடத்தில் காவலையும் செய்கிறது. அழற்சி நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பவர்களுக்கு நான் எப்போதும் இந்த எடுத்துக்காட்டைத்தான் சொல்வேன்.

---

தண்டையார்பேட்டை_வாசகன்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆய்வகத்தார் சொன்னது அப்படியே உண்மை. சென்ற ஆண்டு அறிக்கையில் டெசிலிட்டர் என்றும் இந்த ஆண்டு லிட்டர் என்றும் இருக்கிறது. நான் பத்து மடங்கு என்று எண்ணியது வெறும் 4.6-லிருந்து 4.8 வரைதான். ஒரு புள்ளிக்காக மூன்று வாரத் தூக்கத்தைத் தொலைத்தேன்.

ஆனால் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. இரண்டு ஆண்டும் 3-க்கு மேல் இருக்கிறதே என்று இப்போது தோன்றுகிறது. பரிசோதனை நாளில் சளி எதுவும் இல்லை. பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வருவது மட்டும் நெடுநாளாக உண்டு, அதை நான் ஒரு நோயாகக் கருதியதே இல்லை. இடுப்பளவு 102 செ.மீ. புகைப்பழக்கம் இல்லை. அழற்சியைக் குறைக்க நானே தினமும் ஒரு வலி மாத்திரை சாப்பிடலாமா? என் மாமா மஞ்சள் மாத்திரை போதும் என்கிறார்.

---

வண்ணை_ஆய்வகம்

அலகுக் குழப்பம் தீர்ந்ததில் மகிழ்ச்சி. சென்ற ஆண்டு எடுத்தது சாதாரண சி.ஆர்.பி. என்றால் இந்தக் குறைந்த அளவுகளில் அது அவ்வளவு துல்லியமாக இருக்காது. எனவே இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டாம். ஆனால் ஈறில் ரத்தம் வருவதைத் தள்ளிவிடாதீர்கள். ஈறழற்சி முற்றினால் பற்களைச் சுற்றியுள்ள பைகளில் கிருமி குடியிருந்து, ஆண்டுக்கணக்கில் சி.ஆர்.பி.யை உயர்த்தி வைத்திருக்கும். சர்க்கரை நோய் ஈறைக் கெடுக்கும், கெட்ட ஈறு சர்க்கரையைக் கெடுக்கும். பல் மருத்துவரைப் பார்த்துச் சுத்தம் செய்துகொண்டு, சில வாரம் கழித்து மறுபடி எடுங்கள்.

---

பழைய_வாத்தியார், ராயபுரம்

தம்பி, வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். ஆஸ்பிரினும் அதன் உறவு மருந்துகளும் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன என்று ஆங்கிலேய மருந்தியலாளர் ஜான் வேன் 1971-ல் காட்டினார். 1982-ல் அதற்காக அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இரைப்பையின் உட்பூச்சைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதைச் சீராக்குவதும் அதே புரோஸ்டாகிளாண்டின்கள்தான். தினமும் தடுத்தால் புண்ணும் ரத்தக்கசிவும் வரும், சிறுநீரகம் கெடும். இவற்றில் பல மருந்துகள் மாரடைப்பு அபாயத்தையும் கூட்டும். டைக்ளோஃபெனாக் போட்ட மாடு செத்தபின் அதைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக மடிந்ததால்தான், இந்தியாவில் 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடைசெய்தார்கள். நாம் கழுகு இல்லை என்றாலும், தெருமுனையில் கைநீட்டி வாங்கும் பொருளின் வலிமையை இதிலிருந்து ஊகிக்கலாம்.

ரத்தக்குழாய்ச் சுவரில் நடப்பதைச் சொல்கிறேன். கெட்ட கொழுப்பு சுவருக்குள் புகுந்து தங்கிவிடும்போது, மேக்ரோபேஜ்கள் அதைக் குப்பையாகக் கருதி விழுங்குகின்றன. அளவுக்கு மீறி விழுங்கியவை நுரை பொங்கியதுபோல் வீங்கி அங்கேயே மடிய, அவற்றை அகற்ற மேலும் சில வருகின்றன. இப்படிச் சேர்ந்த மேட்டின்மேல் ஒரு மூடி உருவாகும். அழற்சி நொதிகள் அந்த மூடியை அரித்து மெலிதாக்கி, ஒரு நாள் அது கிழிந்தால், ரத்தம் அங்கே உறைந்து குழாயை அடைக்கும். அதுதான் மாரடைப்பு. அழற்சியை மட்டும் குறைத்தால் பயன் உண்டா என்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளிடம் செய்த கான்டோஸ் ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. கொழுப்பைத் தொடாமல், இன்டர்லூக்கின் 1 பீட்டாவை மட்டும் தடுக்கும் ஊசியைப் போட்டதில், மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சேர்ந்த அளவு 15 விழுக்காடு குறைந்தது. அதே சமயம் தொற்றால் இறந்தவர் எண்ணிக்கை சற்றுக் கூடியது. தீயணைப்பு வண்டியையே விற்றுவிட்டால் அப்படித்தான்.

உங்களுக்கு என் ஐயம் வயிற்றின்மேல். இந்திய ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை அன்று. கொழுப்புச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருத்து மடியத் தொடங்கினால் மேக்ரோபேஜ்கள் அங்கும் கூடி டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் 6 ஆகியவற்றைச் சுரந்துகொண்டே இருக்கும். பருத்த எலிகளின் கொழுப்பில் டி.என்.எஃப். மிகுந்திருப்பதையும், அது இன்சுலின் வேலையைக் கெடுப்பதையும் 1993-ல் கண்டார்கள். இதற்கு மருந்து நடையும் தூக்கமும்தான். என்னைப்போல் மாலையில் கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு, திரும்பும்போது பஜ்ஜி தின்றால் பலன் இருக்காது. இது என் மனைவியின் குற்றச்சாட்டு, நியாயமானது.

மஞ்சளைப் பற்றி: குர்குமின் ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் அழற்சியைக் குறைப்பது உண்மை. ஆனால் வாய்வழியாக உண்டால் குடல் அதை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. அதற்காக மிளகுச் சாரம் சேர்த்துச் செறிவாக்கி விற்கும் மாத்திரைகளால் கல்லீரல் கெட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள். மீன் குழம்பில் போடும் மஞ்சளைத் தாராளமாகப் போடுங்கள். மாத்திரையை மாமாவிடமே விட்டுவிடுங்கள்.

---

மணலி_புதுநகர்

வயிறு, ஈறு எல்லாம் சரி. நாங்கள் மூச்சிழுக்கும் காற்றை யாரும் கணக்கில் எடுக்கவில்லையே. மணலியைக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளில் ஒன்றாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2009-ல் பட்டியலிட்டது. காலையில் மாடியில் துணி உலர்த்தும் கயிற்றைத் துடைத்தால் துண்டு கறுத்துப்போகும். இதற்கும் அழற்சிக்கும் தொடர்பு இருக்கிறதா?

---

பழைய_வாத்தியார், ராயபுரம்

நிச்சயமாக இருக்கிறது. 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த துகள்கள் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போய்விடும். அங்கே காவலிருக்கும் மேக்ரோபேஜ்கள் அவற்றை விழுங்கும். கிருமியைச் செரிப்பதுபோல் கரியையும் உலோகத்தையும் செரிக்க முடியாது. திணறி, தூதுப் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கும். அது ரத்தத்திலும் கலப்பதால்தான் புகையுள்ள ஊர்களில் ஆஸ்துமாவோடு மாரடைப்பும் கூடுகிறது. இந்தத் துகள்களுக்கு ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வரம்பு வைத்தது. நம் நாட்டின் வரம்பு 40. துண்டைக் கறுப்பாக்குவது பெரும்பாலும் பெரிய தூசி. கண்ணுக்குத் தெரியாததே உள்ளே போவது. ஆனால் தனி ஒருவருடைய சி.ஆர்.பி. எண்ணைக் காட்டி இது இந்த ஆலையின் புகையால் வந்தது என்று சொல்ல இயலாது. காற்றைத் திருத்துவது ஊர் சேர்ந்து கேட்க வேண்டியது. ஈறு அவரவர் பொறுப்பு. ஒன்றைச் சொல்லி மற்றதைத் தள்ளிப்போட வேண்டாம்.

---

தண்டையார்பேட்டை_வாசகன்

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். அல்ட்ராசவுண்டில் தந்தையின் கட்டைவிரல் சதைக்குள் நான்கு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஏதோ தெரிந்தது. மரத்துப்போக ஊசி போட்டுக் கீறி எடுத்தார்கள். முள்ளின் நுனி, பல்லோடு அப்படியே இருந்தது. அதைச் சுற்றி வெள்ளையாக, நுங்கின் தோல்போல் ஒரு உறை கட்டியிருந்தது. வாத்தியார் சொன்ன வேலி அதுதான் என்று எண்ணுகிறேன். இரண்டே வாரத்தில் வீக்கம் வடிந்துவிட்டது. அவருக்குச் சர்க்கரையும் இருப்பது இதனால் தெரியவந்து, மருந்து தொடங்கியிருக்கிறது.

அம்மாவுக்கு ஆன்டி சி.சி.பி. உயர்ந்தே வந்தது. மெத்தோட்ரெக்சேட் தொடங்கி நான்கு ஞாயிறுகள் ஆகின்றன. மல்லிப்பூ அம்மா சொன்னபடியே நாட்காட்டியில் வட்டம் போட்டிருக்கிறோம். இன்னும் பெரிய மாற்றம் இல்லை. காலையில் கை மடங்காத நேரம் ஒரு மணியிலிருந்து முக்கால் மணியாகியிருக்கிறது என்கிறார், கடிகாரத்தைப் பார்த்துத்தான்.

எனக்கு ஈறுச் சிகிச்சை முடிந்தது. மறுபரிசோதனையில் லிட்டருக்கு 3.4 மில்லிகிராம். இடுப்பு 100.

முள்ளின் நுனியைத் தந்தை ஒரு தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தி, ஏலத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறார். ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தேன். கெளுத்திக் கூடை வரும்போது மட்டும் போட்டுக்கொள்கிறாராம்.